பழைய காருக்கு டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா

கவிதா: சித்தப்பா, பழைய கார்ல டச் ஸ்கிரீனும் ரிவர்ஸ் கேமராவும் மாட்டலாமா? ஒயரை வெட்டித்தான் ஜாயின்ட் போடணும்ங்கிறாங்க.

சித்தப்பா: தாராளமா மாட்டலாம்மா. ஆனா ஒயரை வெட்ட விடாத. அந்தந்த மாடலுக்குன்னே கப்ளர் கிடைக்குது. ஒரு முனை வண்டி ஒயரிங்ல, மறுமுனை ஸ்கிரீன்ல. நாளைக்குப் பழைய செட்டையே திரும்ப மாட்டணும்னாலும் கஷ்டம் இல்ல.

பிரபு: வாங்குறதுக்கு முன்னாடி டேஷ்போர்டு ஓட்டையை அளந்துடு கவி. அந்த ஓட்டைக்கு டின் (DIN)னு ஒரு அளவு முறை இருக்கு: சிங்கிள் டின் 180 x 50 மி.மீ., டபுள் டின் 180 x 100. 9 இன்ச் ஸ்கிரீனுக்கு உங்க மாடலோட ஃபிரேம் தனியா வேணும். அது கிடைக்கலன்னா 7 இன்ச்சே போதும்.

சித்தப்பா: முக்கியமா ஒண்ணு. ஸ்கிரீன் பக்கம் மஞ்சள் ஒயர் நேரடி பேட்டரி, சாவி எடுத்தாலும் 12 வோல்ட் இருக்கும். சிவப்பு, சாவி போட்டாதான் கரண்ட் வரும். கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிட்டா ஸ்கிரீன் அணையவே அணையாது, பேட்டரி இறங்கிடும். ரெண்டையும் மாத்திக் கொடுத்தா ஒவ்வொரு தடவை சாவி எடுக்கும்போதும் செட்டிங்ஸ் அழியும். வண்டி பக்கம் கலரை நம்பாத, மல்டிமீட்டர் வச்சுப் பாரு.

கவிதா: பேட்டரி இறங்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சித்தப்பா: வண்டியை லாக் பண்ணி அரைமணி நேரம் விடு. பேட்டரி நெகட்டிவ் டெர்மினல்ல இருக்கிற ஒயரைக் கழட்டி, டெர்மினலுக்கும் அந்த ஒயருக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல வை. கழட்டி மாட்டுனதுல வண்டி முழிச்சுக்கும், அதனால இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து ரீடிங் எடு. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. அரை ஆம்பியர் இழுத்தா 40 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி மூணு நாள்ல காலி. மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாத, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

கவிதா: சரி சித்தப்பா. கேமராவுக்கு?

பிரபு: கேமராவோட சிவப்பு ரிவர்ஸ் பல்பு பிளஸ்ல, கறுப்பு பாடி எர்த்ல. வீடியோ கேபிள் கூடவே மெல்லிசா ஒரு சிவப்பு ஒயர் வரும், பாதிப் பேரு அதை விட்டுடுவாங்க. அதையும் ரிவர்ஸ் பல்பு பிளஸ்ல கொடுத்து, முன்பக்கம் ஸ்கிரீனோட ரிவர்ஸ் ஒயர்ல சேர்க்கணும். இல்லன்னா கியர் போட்டாலும் ஸ்கிரீன் தானா மாறாது. டிக்கி கதவுல ஒயரை ரப்பர் குழாய்க்குள்ள விட்டு எடுங்க. வெளியில போனா திறந்து மூடித் திறந்து மூடி அறுந்துடும், தண்ணியும் இறங்கும். படம் நடுங்கினா கேமராவை மாத்தறதுக்கு முன்னாடி எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணிப் பாரு.

மாமா: அப்படியே ஹெட்லைட்டையும் சொல்லுங்கப்பா. மங்கலா எரியுது, 100 வாட் பல்பு போட்டா?

பிரபு: வேணாம் மாமா. ரெண்டு பல்பும் சேர்ந்தா 17 ஆம்பியர் கிட்ட இழுக்கும், ஹோல்டர் உருகிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரில 14 வோல்ட், பல்புல 12.5-ன்னு காட்டினா மீதி ஒயர்லயே போகுதுன்னு அர்த்தம். வோல்டேஜ் 10% குறைஞ்சாலே ஹாலோஜன் வெளிச்சம் 30% கிட்ட குறையும். லோவுக்கும் ஹைக்கும் தனித்தனி ரிலே போடுங்க, அதாவது சின்ன கரண்ட்ல பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச். அதோட பின்கள்ல நம்பர் இருக்கும். பேட்டரிலேர்ந்து 15 ஆம்ப் ஃபியூஸ் வழியா 2.5 சதுர மி.மீ. ஒயர் 30-ம் பின்ல, பல்புக்கு 87, பழைய சுவிட்ச் ஒயர் 86, எர்த் 85. பழைய 55/60 வாட் பல்பே நல்லா எரியும்.

சித்தப்பா: சில வண்டில சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும் மச்சான். அப்படின்னா 85-க்கு எர்த் கொடுக்கக் கூடாது, சுவிட்ச் ஒயர் அங்க வரணும், 86-க்கு பிளஸ். முதல்ல அதைப் பார்த்துட்டு ரிலே வாங்குங்க.