நாளை காலை ஸ்பிரின்ட் பிளானிங், என்ன படிப்பது என்றே தெரியவில்லை. உதவுங்கள்

காசிமேடு:
அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். வெளிநாடு வந்து நாலு மாதம் ஆகிறது. சென்னையில் ஏழு வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்தேன். அங்கே லீட் எக்செல்லில் வேலையைப் பிரித்து, இதற்கு இத்தனை மணி நேரம் என்று போட்டுக் கொடுத்துவிடுவார். இங்கே அஜைல் முறை, வேலையைச் சின்னச் சின்னச் சுற்றாகச் செய்கிறார்கள். ஸ்பிரின்ட் என்ற இரண்டு வாரச் சுற்றுக்கு ஒரு தடவை எல்லோரும் உட்கார்ந்து, வேலை எவ்வளவு பெரிது என்று எண் போட்ட கார்டு காட்டி, அவரவரே வேலையை எடுக்கிறார்கள். போன தடவை ஒரு ஸ்டோரிக்கு (பட்டியலில் உள்ள ஒரு வேலைக்கு) நான் 3 காட்டினேன், மற்ற எல்லோரும் 13. ஏன் 3 என்று கேட்டார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை. நாலு ஸ்டோரி எடுத்தேன், ஒன்றுதான் முடிந்தது. இன்றைக்கு மேனேஜர் "வெள்ளிக்கிழமை தனியாகப் பேசலாம்" என்று மெசேஜ் போட்டிருக்கிறார். நாளை காலை அடுத்த பிளானிங். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அஜைல் பிளானிங்கைச் சீக்கிரம் கற்றுக்கொள்ள எந்த கோர்ஸ் நல்லது? வேலை போய்விடுமா?

பெரம்பூர், இப்போது டொரண்டோ:
தம்பி, முதலில் மனதைத் தேற்றிக்கொள். நான் வந்தது ஒரு ஜனவரியில். ஐந்து மாதம் குடோனில் பெட்டி அடுக்கினேன். பேஸ்மென்ட்டில் நாலு பேர், ஒரே ஹீட்டர். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். போனில் அவரிடம் "ஆபீஸ் வேலைதான்" என்று பொய் சொன்னேன். அதையெல்லாம் தாண்டித்தான் இந்த வேலைக்கு வந்தேன். உனக்குக் கையில் வேலை இருக்கிறது, அது பெரிய விஷயம். பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) இருந்தால் எதற்கும் பயப்படாதே. நல்ல பனி பூட்ஸ் வாங்கிவிட்டாயா?

ராயபுரம், இப்போது டல்லாஸ்:
எந்த விசா என்று சொல்லவே இல்லையே? அமெரிக்க வேலை விசாவான எச்1பி என்றால் வேலை போன பிறகு அதிகபட்சம் 60 நாள்தான் இருக்க முடியும். இன்றைக்கே ரெஸ்யூமேயைத் தயார் செய்து வையுங்கள். பி.எஸ்.எம். 1 என்ற ஸ்க்ரம் (அஜைலில் ஒரு முறை) சான்றிதழ்த் தேர்வும் எழுதிவிடுங்கள். 80 கேள்வி, 60 நிமிடம், 85 சதவீதம் எடுத்தால் பாஸ். எனக்கு இரண்டாவது வேலை கிடைக்க அதுதான் உதவியது.

வியாசர்பாடி, இப்போது சிங்கப்பூர்:
ராயபுரம் அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சான்றிதழ் வைத்திருந்தவர்கள் பிளானிங்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பணத்தைச் செலவழிக்காதீர்கள். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய ஸ்க்ரம் கைடு என்ற கையேடு இலவசம். 2020 பதிப்பு பதினைந்து பக்கம்கூட வராது, இன்றிரவே படித்துவிடலாம். நீங்கள் பயப்படுகிற, கார்டில் காட்டும் அந்த எண்ணான ஸ்டோரி பாயின்ட் என்ற சொல்லே அதில் கிடையாது. 2001இல் யூட்டா மலையில் கூடி அஜைல் அறிக்கை எழுதிய பதினேழு பேரும் அந்த அறிக்கையில் பாயின்ட் போடச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அந்த எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. சரி, நீங்கள் டெவலப்பரா, டெஸ்டரா?

கொருக்குப்பேட்டை, இப்போது மெல்போர்ன்:
என் பழைய கம்பெனியில் பதினைந்து நிமிட ஸ்டாண்டப் (தினசரிக் கூட்டம்) ஐம்பது நிமிடம் போகும். நேற்று என்ன செய்தாய், ஏன் முடிக்கவில்லை என்று வாத்தியார் வருகை எடுப்பதுபோல ஒவ்வொருவராகக் கேட்பார்கள். கேட்பவர் எதையும் எழுதிக்கொள்ளக்கூட மாட்டார். அந்த மூன்று வருடத்தில் எனக்கு ரத்த அழுத்தம் வந்ததுதான் மிச்சம்.

ராயபுரம், இப்போது டல்லாஸ்:
எங்களுக்கு இந்தியா டீமோடு ராத்திரி ஒன்பதரைக்கு கால். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் ரூமை விட்டு வெளியே வருவேன். ஞாயிற்றுக்கிழமையாவது சென்னை செகண்ட் லைன் பீச் தெருவில் நின்று ஒரு பிளேட் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட முடியுமா என்று ஏங்குகிறேன்.

பெரம்பூர், இப்போது டொரண்டோ:
இங்கே மீன் என்று விற்பதை மீன் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

காசிமேடு:
மன்னியுங்கள், பதற்றத்தில் எதையுமே சரியாகச் சொல்லவில்லை. நான் தம்பி இல்லை, பெண். ஜெர்மனியில் இருக்கிறேன், புளூ கார்டு என்ற வேலை அனுமதியில். ஜாவா டெவலப்பர், ஆனால் சென்னையில் செய்தது முழுக்க பழைய சாஃப்ட்வேர் பராமரிப்பு, டிக்கெட் வேலை. புரோபேட்சைட் (வேலையில் சேர்ந்ததும் வரும் சோதனைக் காலம்) முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. டீமில் ஏழு பேர். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், வீட்டுக் கடன் என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறது.

தண்டையார்பேட்டை, இப்போது ம்யூனிக்:
தங்கச்சி, முதலில் வெள்ளிக்கிழமை விஷயம். புரோபேட்சைட் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் எந்தப் பக்கமும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இங்கே நடுவில் கூப்பிட்டு "எப்படிப் போகிறது" என்று பேசுவது சாதாரண வழக்கம். நாலாவது மாதத்தில் என்னையும் கூப்பிட்டார்கள், அன்று காலை முழுக்க அழுதேன். கடைசியில் மேனேஜர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீங்கள் ஏன் கேள்வியே கேட்பதில்லை?" வேலை போனாலும் அன்றைக்கே ஊருக்குப் போகச் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதை இப்போது யோசிக்க வேண்டாம்.

இப்போது பிளானிங்குக்கு வருவோம். வியாசர்பாடி தம்பி சொன்ன கைடைப் படி, ஆனால் எண்ணுக்கு மதிப்பில்லை என்பதை நாளைக்கு எடுத்துக்கொள்ளாதே. உன் டீம் கார்டு காட்டுகிறது, நீயும் காட்டத்தான் வேண்டும். நீ 3 காட்டியது தப்பே இல்லை. ஒருவர் 3, மற்றவர்கள் 13 என்று வந்தால் அந்த இடத்தில் பேச வேண்டியது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கத்தான் கார்டே. 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் இந்த முறையைக் கொண்டுவந்ததன் நோக்கமும் அதுதான். நீ புரோகிராம் எழுதும் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டிருப்பாய். அவர்கள் டெஸ்ட், ரிவ்யூ, டேட்டா மாற்றம், வெளியிடுவது எல்லாவற்றையும் சேர்த்து 13 சொல்லியிருப்பார்கள். ஒரு வேலை முடிந்தது என்று சொல்ல என்னவெல்லாம் செய்திருக்க வேண்டும் என்று, 'டெஃபினிஷன் ஆஃப் டன்' என்ற பெயரில் உங்கள் டீமுக்கு ஒரு பட்டியல் இருக்கும். இன்றிரவு அதைத் தேடி எடுத்துப் படித்துவிட்டுத் தூங்கு. இல்லாவிட்டால் நாளைக்கு முதல் கேள்வியாக "எது முடிந்தால் முடிந்ததாகக் கணக்கு?" என்று கேள்.

பாயின்ட்டை மணி நேரமாக மாற்றாதே. ஏற்கெனவே முடித்த ஒரு ஸ்டோரியை எடுத்துக்கொண்டு, அதைவிட இது பெரிதா, சின்னதா, எவ்வளவு பெரிது என்று மட்டும் பார். 5, 8, 13 என்று இடைவெளி கூடிக்கொண்டே போவதும் அதனால்தான். வேலை பெரிதாக ஆக ஆக நமக்குத் தெரியாததும் கூடுகிறது.

வியாசர்பாடி, இப்போது சிங்கப்பூர்:
அக்கா சொல்வது சரி, டீமோடு ஒத்துப் போகட்டும். ஆனால் நாலு ஸ்டோரி எடுத்ததைப் பற்றியும் சொல்லுங்கள், அங்கேதான் அடி விழுந்திருக்கிறது.

தண்டையார்பேட்டை, இப்போது ம்யூனிக்:
அதைத்தான் சொல்ல வந்தேன். நம் ஊரில் எடுத்த வேலையை முடிக்காவிட்டால் குற்றம் என்று பழக்கிவிட்டார்கள். ஸ்க்ரம் கைடிலும் முன்பெல்லாம் ஸ்பிரின்ட்டில் எடுப்பதை வாக்குறுதி என்றுதான் எழுதியிருந்தார்கள். 2011இல் அதை மாற்றி முன்கணிப்பு என்று போட்டார்கள். உன் அப்பாவையே எடுத்துக்கொள். ஐஸ் எவ்வளவு, டீசல் எவ்வளவு, எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்புவார். ஆனால் இத்தனை கிலோ வஞ்சிரம் கொண்டு வருவேன் என்று யாருக்காவது எழுதிக் கொடுப்பாரா? காற்று மாறினால் வழியை மாற்றிக்கொள்வார். ஸ்பிரின்ட்டும் அப்படித்தான். நாளும் ஆளும் நிலையானவை, எவ்வளவு முடியும் என்பது கணிப்பு.

நாளைக்கு இரண்டு ஸ்டோரிக்கு மேல் எடுக்காதே. பாதி பாதியாக நாலு ஸ்டோரி இருந்தால் வெலாசிட்டியில் (ஒரு ஸ்பிரின்ட்டில் டீம் முடித்த பாயின்ட்டின் கூட்டுத்தொகை) ஒன்றும் சேராது. பெரிய ஸ்டோரி உன்னிடம் வந்தால் உடைக்கச் சொல். முகவரி மாற்றும் பக்கம் என்று வைத்துக்கொள். பழைய முகவரியைக் காட்டுவது ஒரு துண்டு, புதியதைச் சேமிப்பது இன்னொன்று, தப்பான பின்கோடைத் தடுப்பது மூன்றாவது. ஒவ்வொரு துண்டையும் தனியாகக் காட்ட முடிய வேண்டும். டேட்டாபேஸ் ஒரு ஸ்டோரி, ஸ்கிரீன் ஒரு ஸ்டோரி என்று வெட்டினால் ஸ்பிரின்ட் முடிவில் நடக்கும் ரிவ்யூ கூட்டத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. அந்தத் தப்பை முதல் வருடம் முழுக்கச் செய்தேன். ஒன்றுமே புரியாத வேலை என்றால் "ஒரு நாள் ஸ்பைக் போடலாமா?" என்று கேள். அந்த ஒரு நாள் தேடிப் பார்ப்பதற்கு மட்டும்.

இன்னொன்று. நம் ஊரில் பெரியவர்கள் முன்னால் பேசாமல் இருப்பது மரியாதை. இங்கே நீ பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாய் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது நாளே சிக்கினால் அன்றைய தினசரிக் கூட்டத்தில் சொல்லிவிடு, பத்தாவது நாள் வரை வைத்திருக்காதே.

ராயபுரம், இப்போது டல்லாஸ்:
விடுமுறையையும் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டீமில் இரண்டு பேர் லீவு என்றால் ஏழு பேர் கணக்கு செல்லாது.

காசிமேடு:
பிளானிங் முடிந்து வந்து எழுதுகிறேன். டெஃபினிஷன் ஆஃப் டன் எங்கள் விக்கியில் இருந்தது, பதினோரு வரி. அதில் ஆறு வரியை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. இன்று ஒரு ஸ்டோரிக்கு நான் 8, மூன்று பேர் 5. ஏன் என்று கேட்டார்கள். பழைய பில் டேட்டாவை மாற்ற வேண்டியிருக்கும் என்று சொன்னேன். பராமரிப்பு வேலையில் பட்ட அனுபவம் அது. எல்லோரும் கொஞ்ச நேரம் பேசி 8 என்றே போட்டார்கள். இரண்டு ஸ்டோரிதான் எடுத்தேன். வெள்ளிக்கிழமைக்கு என்ன கொண்டு போவது?

தண்டையார்பேட்டை, இப்போது ம்யூனிக்:
ஒரு தாளில் எழுதிக்கொள். போன ஸ்பிரின்ட்டில் எது ஏன் முடியவில்லை, இந்தத் தடவை என்ன மாற்றினாய், யாரிடம் என்ன உதவி வேண்டும். அவர் பேசி முடித்ததும் நீயே ஆரம்பி. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் மூத்த டெவலப்பர் ஒருவரோடு பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்) பார்க்கக் கேள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பேசி முடிந்ததும் அவர் சொன்னதை நாலு வரி மெயிலாக அவருக்கே அனுப்பிவிடு. இன்றைக்காவது ஒழுங்காகச் சாப்பிடு.