இம்போர்ட் ரேண்டம் போட்டா எரர் அடிக்குது, ஏன்?

கேள்வி:
பைத்தான் கத்துக்க ஆரம்பிச்சு ரெண்டு வாரம்தான் ஆகுது. நம்பர் கண்டுபிடிக்கிற கேம் ஒண்ணு எழுதுறேன், இம்போர்ட் ரேண்டம்னு போட்டு, ஏதாவது ஒரு நம்பர் எடுத்துத் தர்ற ரேண்டின்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டா அட்ரிபியூட் எரர் வருது, பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்னு என்னமோ சொல்லிட்டு கடைசில சர்குலர் இம்போர்ட்டா இருக்கலாம்னு வேற போடுது. இருக்கறதே ஒரே ஃபைல், இதுல எங்கேருந்து சர்க்கிள் வந்துச்சு? பைத்தானையே எடுத்துட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணிப் பாத்துட்டேன், அதே கதைதான்.

பதில்:
ஃப்ரம் ரேண்டம் இம்போர்ட் ரேண்டின்ட்னு மாத்திப் பாருங்க.

கேட்டவர்:
பாத்தேன் ப்ரோ, இப்ப இம்போர்ட் எரர்னு வருது.

பதில்:
உங்க ஃபைல் பேரு ரேண்டம்.பை தானே?

கேட்டவர்:
ஆமா!! எப்படி கண்டுபிடிச்சீங்க?

பதில்:
எல்லாரும் ஒரு தடவை விழுந்த குழிதான் அது. இம்போர்ட்னு சொன்னதும் பைத்தான் முதல்ல தேடுறது நீங்க ரன் பண்ற ஃபைல் இருக்கற ஃபோல்டர்லதான், பைத்தானோட கூடவே வர்ற ஸ்டாண்டர்ட் லைப்ரரி பக்கம் போறது அப்புறம்தான். அதனால உங்க ஃபைலையே ரேண்டம் மாட்யூல்னு நினைச்சு லோட் பண்ண ஆரம்பிக்குது, அதுக்குள்ளயும் இம்போர்ட் ரேண்டம்னு இருக்கா, ஏற்கனவே பாதி லோட் ஆன அதே மாட்யூலை எடுத்து நீட்டுது, அதுல ரேண்டின்ட் எங்க இருக்கப்போகுது. உங்க ஃபைல் தன்னைத்தானே இம்போர்ட் பண்ணிக்குது, அதான் அந்த சர்க்கிள். சந்தேகம்னா இம்போர்ட்டுக்கு அடுத்த வரில ரேண்டம்.__ஃபைல்__ பிரிண்ட் பண்ணுங்க, எந்த ஃபைல் லோட் ஆச்சுன்னு பாத் காட்டும். பேரை மாத்துங்க, முடிஞ்சுது.

இன்னொருவர்:
நான் மாட்டினது இதைவிடக் கொடுமை. ஃபோல்டர்ல ஈமெயில்.பைன்னு ஒண்ணு சும்மா கிடந்துச்சு, என் கோடுல அதை எங்கயும் தொடவே இல்ல, ஆனா நான் யூஸ் பண்ண யூஆர்எல்லிப் ரிக்வெஸ்ட் (வெப் பேஜ் எடுக்கற மாட்யூல்) உள்ளுக்குள்ள ஈமெயில் மாட்யூலைத் தேடிப் போகும், போய் என் ஃபைலைப் பிடிச்சிருச்சு. "ஈமெயில் ஒரு பேக்கேஜ் இல்ல"ன்னு எரர், அரை நாள் போச்சு. பைத்தான் 3.13ல இருந்து கேட்டவர் மாட்டின மாதிரி பேர் மோதினா ஃபைல் பேரை மாத்துன்னு எரர்லயே சொல்லுது, நமக்குத்தான் கொடுத்து வைக்கல.

கேட்டவர்:
நம்பர்_கேம்னு மாத்தினேன், ஓடுது. பைத்தான் கம்பைல் பண்ணி சேத்து வைக்கிற பைகேஷ் ஃபோல்டரை அழிக்கணுமா?

பதில்:
பைத்தான் 3ன்னா தேவையில்ல, ஒரிஜினல் ஃபைல் இல்லன்னா அந்த கேஷை அது எடுக்காது. பைத்தான் 2லதான் பக்கத்துலயே பைசி ஃபைல் (கம்பைல் ஆன காப்பி) உக்காந்துக்கிட்டு உயிரை வாங்கும்.

கேட்டவர்:
நன்றி ப்ரோ. பக்கத்துலயே டர்டில்.பைன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் ஸ்டாண்டர்ட் லைப்ரரில இருக்கற பேருதான், அதையும் மாத்திட்டு வரேன் 😅