நந்தியாவட்டையும் கண்ணும்: எங்கள் வீட்டில் பார்த்தது

நந்தியாவட்டைப் பூவால் கண் சரியானது என்று சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் மெட்ராஸ் ஐ வந்தால் அம்மா விடியற்காலையில் பூவைப் பறித்துத் தண்ணீரில் போட்டு வைத்து, மூடிய கண் மேல் ஒற்றி எடுப்பார், ஒரு வாரம் பத்து நாளில் சிவப்பு போய்விடும். ஆனால் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது, ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். பூ வைக்காத பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கணக்கில்தான் சரியானது. குளிர்ச்சி எரிச்சலைக் குறைக்கும், அது நிஜம். நோயை விரட்டியது பூதான் என்பதற்கு இது சாட்சி ஆகாது.

மாமா விஷயம் வேறு. மேலூர் பக்கம் அறுவடை நேரம், நெல் தூற்றும்போது சுணை வலது கண்ணில் பட்டுவிட்டது. உறுத்தல் நிற்கவில்லை என்று ஊரில் ஒருவர் பச்சிலையைக் கசக்கிச் சாறு பிழிந்தார், அப்புறம் தாய்ப்பாலும் விட்டார்கள். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். அங்கே கண்ணை மரத்துப்போக வைத்து, புண்ணைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை. நட்டாமைசின் சொட்டு மருந்து, குலுக்கினால் பால் போல வெளுத்து வரும், அதை மணிக்கொரு தரம் ராத்திரியும் அலாரம் வைத்து அத்தை விட்டார். புண் ஆறியது, ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது, அதாவது கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. எதிரே ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது.

நெல்லோ இலையோ குச்சியோ பட்ட கண்ணில் பூஞ்சைப் புண் வருவது நம் பக்கம் சகஜம், பியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைகள்தான் அதிகம். இரண்டும் மண்ணிலும் செடியிலும் இருப்பவை. அந்தக் கீறலில் கழுவாத கையால் இலைச்சாறு பிழிவது, இருக்கிற கிருமியோடு இன்னும் கொஞ்சம் கிருமியை உள்ளே விடுவதுதான். மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் அதே அளவுக்கு ஆபத்து, பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும்.

ஆதாரம் என்று நான் கேட்பது என்ன என்றால், அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நட்டாமைசினையும் வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தையும் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வந்தது. பழைய நட்டாமைசின்தான் மேல், பியூசேரியம் புண்ணில் அந்த வித்தியாசம் ரொம்பத் தெளிவு. பச்சிலைச் சாற்றையும் யாராவது சுத்தமாகத் தயாரித்து இப்படிச் சோதித்துக் காட்டட்டும், முதல் ஆளாக நம்புவேன்.

சாப்பிடுகிற கீரை வேறு கதை. பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடம்பில் வைட்டமின் ஏ ஆகிறது, அது குறைந்தால் மாலைக்கண் வரும். கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர்த்துச் சமைத்தால் நன்றாக உடம்பில் சேரும். அதற்காகக் கண்புரை கரையும் என்று காத்திருக்க வேண்டாம், அதற்கு ஆபரேஷன் மட்டும்தான்.

மூலிகை விட்டுக் குணமானவர்கள் இருந்தால் எழுதுங்கள். என்ன நோய் என்று டாக்டர் பார்த்துச் சொன்னாரா, மூடிய கண் மேல் வைத்தீர்களா உள்ளே விட்டீர்களா, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.