மாமாவின் வால்வு ஆம்ப்: சுவிட்சைப் போடுவதற்கு முன்

பெரம்பூர் மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை என்னைப் பரண் பக்கம் கூப்பிட்டார். "கித்தார் வாசிக்கிறவன் நீ ஒருத்தன்தான், நீயே எடுத்துக்கப்பா" என்றார். ஃபெண்டர் சாம்ப் என்ற சின்ன கித்தார் ஆம்ப்ளிஃபையர், வால்வில் ஓடுவது. மாமா கப்பல் வேலையில் இருந்தபோது அமெரிக்காவில் வாங்கியது. பிறகு மெல்லிசைக் குழுவில் வாசித்தார். முப்பது வருஷமாகப் பரணில்தான் கிடந்திருக்கிறது.

உடனே பிளக்கைச் செருகத்தான் கை பரபரத்தது. ஆனால் தாத்தாவின் வால்வு ரேடியோவை என் தம்பி அப்படிச் செருகி டிரான்ஸ்ஃபார்மர் கருகிய நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

முதலில் ஃபியூஸைக் கழற்றினார். அதன்மேல் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது! "ஏதோ கச்சேரி நடுவுல போயிருக்கும், சிகரெட் தாளைச் சுத்திட்டாங்க. இனி இதுக்கு 1 ஆம்பியர்தான் தம்பி, வேற எதுவும் கூடாது." அடுத்து, இரண்டு முள் பிளக். உள்ளே கரண்ட் லைனிலிருந்து சேஸிக்கு, அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு, ஒரு கண்டென்சர். அது ஷார்ட்டானால் சேஸியில் மட்டுமல்ல, நாம் பிடித்திருக்கும் கித்தார் தந்தியிலும் கரண்ட் பாயும். அதை வெட்டி எறிந்துவிட்டு, எர்த்தோடு மூன்று முள் பிளக் போட்டார்.

மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்துபோயிருந்தன; 450 வோல்ட் தாங்கும் புதியவை மாற்றினார். வேலை செய்யும்போது இவற்றில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் போய்விடாது. வால்வுகள் செருகியிருந்தால் அவை சூடு ஆறுவதற்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு பழுதாகவோ கழன்றோ இருந்தால் அப்படியே தேங்கி நிற்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தார். அப்போதும் ஒரு கைதான், மற்றது சட்டைப்பைக்குள்.

ஆம்பின் முதுகில் 117 வோல்ட் என்று இருந்தது. நம் 230-ஐக் குறைக்க ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். அதற்கும் முன்னால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் கரண்ட் எகிறாமல் தடுக்க, சீரிஸில் 100 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. முதலில் வால்வுகள் இல்லாமல் சுவிட்சைப் போட்டார். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் நல்லதாக இருக்கிறது என்று அர்த்தம். பிரகாசமாகவே எரிந்திருந்தால் ஷார்ட். அடுத்து வால்வுகளைச் செருகி, ஸ்பீக்கர் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இந்த முறை பல்பு பளிச்சென்று ஏறி, மெல்ல மங்கியது. 6வி6 என்ற அந்தப் பவர் வால்வுக்குள் செம்மஞ்சள் வெளிச்சம்.

அமெரிக்காவின் 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) கரண்ட்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50-இல் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும் என்பதால் அரை மணிக்கு மேல் ஓட்டுவதில்லை.

அன்று இரவே அத்தைக்கு போன் போட்டு வாசித்துக் காட்டினேன். வெள்ளித்தாள் விஷயத்தையும் சொன்னேன்.

"சிகரெட்டா? அவர் பிடிச்சதே இல்லப்பா. அது என் சாக்லேட் தாள்."