நான் முதல்வன் கிளாஸ் ஒரு பக்கம், நம்ம சப்ஜெக்ட் ஒரு பக்கம்... ரெண்டையும் சேக்க வழி இருக்கா?

மெக்_மிஸ்:
எல்லாருக்கும் வணக்கம். அண்ணா யுனிவர்சிட்டிக்கு கீழ வர்ற ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல் எடுக்குறேன், ஏழு வருஷமாச்சு. 2022 மார்ச்ல தமிழ்நாடு அரசோட நான் முதல்வன் திறன் பயிற்சி திட்டம் வந்தப்போ நெஜமாவே சந்தோஷமா இருந்துச்சு, சரி இனிமேலாவது பசங்களுக்கு வேலைக்கு ஏத்த மாதிரி ஏதாவது கெடைக்கும்னு. எங்க காலேஜ்ல நடக்குறது என்னன்னா வீடியோ அது பாட்டுக்கு ஓடுது, பசங்க அடுத்த பீரியட் ரெக்கார்ட் எழுதிட்டு இருக்காங்க, க்விஸ் ஆன்சர் வாட்ஸப் குரூப்ல வந்துடுது, சர்டிஃபிகேட்டும் வந்துடுது. போன வாரம் ப்ராஜெக்ட் வைவால ஒரு பையன்கிட்ட "இந்த மோட்டார் ஏன்பா போட்ட"ன்னு தான் கேட்டேன், முழிக்கிறான். ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து வாங்கினதுன்னு அந்த ரூம்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தனி பேப்பரா வைக்காம நான் எடுக்குற மெட்ராலஜிக்குள்ளயே (அளவெடுக்குறது பத்தின சப்ஜெக்ட்) வேலைக்கு வேண்டிய திறனெல்லாம் கொண்டு வர முடியுமா? யாராவது செஞ்சு பாத்திருக்கீங்களா?

ஓரகடம்_நைட்ஷிஃப்ட்:
மேடம் நான் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டில இருக்கேன், ஃப்ரெஷர் இன்டர்வியூல உக்காருவேன். இங்கிலீஷ் வரலன்னு நாங்க யாரையும் திருப்பி அனுப்புனதில்ல, தமிழ்லயே சொல்லுப்பான்னு தான் சொல்லுவோம். ஒரு புஷ்ஷ (குழாய் மாதிரி சின்ன பார்ட்) கைல குடுத்து, டிராயிங்ல 25 ப்ளஸ் ஆர் மைனஸ் 0.02 மி.மீ.னு இருக்கு, எதுல அளப்பன்னு கேப்பேன். பத்துல எட்டு பேர் வெர்னியர்னு சொல்லுவாங்க. அந்த வெர்னியரோட லீஸ்ட் கவுன்ட்டே, அதாவது அதுல படிக்க முடியுற மிகச் சின்ன அளவே 0.02, அப்புறம் எப்படி? அதைவிட நுணுக்கமா அளக்குற மைக்ரோமீட்டர் வேணும். லீஸ்ட் கவுன்ட் ஃபார்முலா கேட்டா மட்டும் மழை மாதிரி கொட்டுவாங்க. தெரியலன்னாலும் பரவால்ல. "சார், டவுட்டா இருக்கு, யோசிச்சு சொல்றேன்"னு ஒருத்தன் சொன்னான், அவனை எடுத்துட்டோம், இப்ப ஒய் ஒய் அனாலிசிஸ் (ஏன் ஏன்னு கேட்டு தப்போட காரணத்த தேடுறது) எல்லாம் அவன் தான் எழுதுறான்.

சாக்பீஸ்_2011:
செய்யலாம் மிஸ், அதுக்கு எடம் சிலபஸ்லயே இருக்கு. அண்ணா யுனிவர்சிட்டியோட 2021 ரெகுலேஷன்ல தியரிக்கு இன்டர்னல் (காலேஜே போடுற மார்க்) 40, அதுக்கான ஒவ்வொரு அசெஸ்மென்ட்லயும் 100க்கு 40 மார்க் அசைன்மென்ட், கேஸ் ஸ்டடி, செமினார், மினி ப்ராஜெக்ட் இதுல ஏதாவது ஒன்னுக்கு. பாதிப் பேர் அதை நாலு பக்கம் காப்பி எழுதச் சொல்லி முடிச்சுடுறோம் (நானும் தான், ரொம்ப வருஷம்). ஒரு தடவ பக்கத்துல லேத் பட்டறைல இருந்து ரிஜெக்ட் ஆன பீஸ் ஒரு பை நிறைய வாங்கிட்டு வந்து டீமுக்கு ஒன்னு குடுத்தேன், இது ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு ஒரு பக்கம் எழுதுன்னு. மொத தடவ சொதப்பல், எல்லா டீமும் ஒரே சாட்ஜிபிடி பாராகிராஃப். அடுத்த தடவ பேப்பரே வேணாம், பீஸ கைல வச்சுக்கிட்டு என் முன்னாடி அளந்து காட்டி சொல்லுன்னேன். 60 பேர், நாலு நாலு பேரா 15 டீம், டீமுக்கு அஞ்சு நிமிஷம், ரெண்டு பீரியட் போதும்னு நெனச்சேன், மூணு ஆச்சு. ஹெச்ஓடி மொறச்சார்.

தேர்ட்_இயர்_பொண்ணு:
நான் ஸ்டூடன்ட், உள்ள வரலாமா? வெளில இருந்து ட்ரெய்னர் வருவாங்க, நாலாவது தடவையா செல்ஃப் இன்ட்ரடக்‌ஷன் சொல்ல சொல்றாங்க, கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே ஸ்ட்ரென்த் தான், ஹார்ட் வொர்க். அதைவிட நீங்க சொல்ற பீஸ் மேட்டர் நல்லா இருக்கு. ஆனா சார் டீம்னு விட்டா என்ன ஆகும் தெரியுமா, எனக்கு கையெழுத்து நல்லா இருக்குன்னு ரிப்போர்ட், பிபிடி எல்லாம் என் தலைல, மைக்ரோமீட்டர் பசங்க கைல. மூணு வருஷமா இதே கதை. யார் அளக்கணும், யார் பேசணும்னு நீங்களே அந்த நேரத்துல கைகாட்டுங்க ப்ளீஸ்.

மெக்_மிஸ்:
அய்யோ, என் கிளாஸ்லயும் அப்படித்தான்மா நடக்குது, நான் கவனிச்சதே இல்ல. அப்ப சீட்டு குலுக்கிடுறேன். ஓரகடம் சார், எங்க ஊர்ப் பக்கம் பட்டறை எதுவும் இல்ல, ரிஜெக்ட் பீஸ் கெடைக்குமா?

ஓரகடம்_நைட்ஷிஃப்ட்:
மேனேஜர்கிட்ட கேட்டுட்டு ஸ்க்ராப்ல இருந்து ஒரு பை எடுத்து வைக்குறேன் மேடம். டிராயிங் மட்டும் வெளில தர முடியாது, டாலரன்ஸ (அளவு எவ்வளவு கூடக் கொறைய இருக்கலாம்னு) ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுறேன்.