ஹாரன் கேட்டால் ஓடும் குதிரை

பந்தயத்தில் ஓடின குதிரையை வாங்கிச் சவாரிக்குப் பழக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் பழக்கலாம். ஆனால் எதையெல்லாம் மறக்க வைக்க வேண்டியிருக்கும் என்பது வாங்கும்போது தெரியாது. எங்கள் செவலையின் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சவாரி போகும் கோஷ்டி நாங்கள். நாலு பேருக்கு மூன்று குதிரை. ஒருவர் பைக்கில்தான் வருவார், அவர் மெக்கானிக். செவலை ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் ஓடின பெட்டைக் குதிரை. காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர், தரங்கம்பாடிப் பக்கம் பந்தயம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டியைச் சுற்றிப் பைக்குகள், ஓயாத ஹாரன், இளவட்டங்களின் கூச்சல். அதிலேயே வளர்ந்த குதிரைக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: பின்னால் ஹாரன் அடித்தால் ஓடு.

அந்தப் பாடத்தோடு மினி பஸ் போகும் ரோட்டில் அதை நடத்திப் பாருங்கள்! வந்த புதிதில் ஒரு நாள் என் நண்பர் ஏறியிருந்தார். பின்னால் பஸ்காரர் ஒரு தடவைதான் அடித்தார். ரைஸ்மில் வாசல் வரைக்கும் நண்பர் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. லகானை இழுக்க இழுக்க வேகம் கூடியதே தவிர குறையவில்லை.

ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டிய பாய் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவரைக் கூட்டி வந்தோம். வந்தவர் குதிரையை நேரே முகத்துக்கு முன்னால் போய்ப் பார்க்கவில்லை. இடது தோள்பக்கமாக, பேசிக்கொண்டே மெதுவாக வந்து நின்றார். "நெத்திக்கு நேரா கையைக் கொண்டு போகாதீங்க தம்பி, அந்த இடம் அதுக்குத் தெரியாது. பின்னாடி வால்பக்கமும் தெரியாது. மத்த எல்லாப் பக்கமும் உங்களைவிட நல்லாத் தெரியும்" என்றார். அப்புறம் கடிவாளத்தைப் பார்த்துவிட்டு, "இது வாயில இழுவை இருந்தாத்தான் ஓடிப் பழகியிருக்கு. நீங்க இழுத்தா, போன்னு சொல்றதாத்தான் நெனைக்கும். கொஞ்ச நாளைக்கு யாரும் ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஏறாமல் என்ன செய்வது? இங்கேதான் மெக்கானிக் நண்பருக்கு வேலை வந்தது. அறுப்பு முடிந்த திடலில் நான் செவலையை நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் வெகு தூரத்தில் ஸ்ப்ளெண்டரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். செவலை தலையைத் தூக்கும், இரண்டு காதும் பைக் பக்கம் விறைத்து நிற்கும், மூக்குத் துவாரம் விரியும். நான் ஒன்றும் செய்ய மாட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பும், வாயை மெல்ல ஆரம்பிக்கும், தலை மெதுவாகத் தாழும். நான் கையைத் தூக்குவேன், அவர் இன்ஜினை அணைப்பார்.

சூட்சுமம் எல்லாம் அந்த அணைக்கும் நேரத்தில் இருக்கிறது. குதிரை மிரளும்போது சத்தத்தை நிறுத்தினால், மிரண்டால் சத்தம் நிற்கும் என்று கற்றுக்கொள்ளும். அது அடங்கும்போது நிறுத்தினால், அடங்கியிருந்தால் போதும் என்று கற்றுக்கொள்ளும். காலால் விலாவை அழுத்துவது, லகான் பிடிப்பது எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கேட்டதைக் கொடுத்த அந்தக் கணமே பிடியைத் தளர்த்த வேண்டும். சாட்டையை நம்புகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து பைக்கை முன்னால் ஊர விட்டு, செவலையைப் பின்னாலேயே நடத்திப் போனோம். தன்னைத் துரத்தின சாமான் இப்போது தனக்கு முன்னால் ஓடுகிறது என்றதும் அதற்கு ஒரே குஷி. சில நாளில் பின் சீட்டை மோந்து பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. சின்ன ஹாரன், பெரிய ஹாரன், கடைசியாகப் பின்னாலிருந்து ஹாரன் என்று போனோம். வெல்லம், கேரட் எல்லாம் கையில் வைத்து ஊட்டாதீர்கள், வாளியில் போடுங்கள். கையில் ஊட்டிய குதிரை நாளைக்கு உங்கள் சட்டைப் பையைக் கடிக்கும்.

கோடியக்கரை சரணாலயத்துக்கு வெளிமான் பார்க்கப் போனவர்கள், அங்கே ஆளில்லாமல் திரியும் மட்டக் குதிரைகளையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு குதிரை எதிரும் புதிருமாக நின்று, ஒன்றின் பிடரி முடியும் இடத்தில், முதுகு ஆரம்பிக்கிற மேட்டை, இன்னொன்று பல்லால் சொறிந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து செவலைக்கு அதே இடத்தில் விரலால் அழுத்திச் சொறிந்துவிட்டேன். மேலுதடு நீண்டு, கோணிக்கொண்டு, கண் பாதி சொருகிவிட்டது. கழுத்தில் தட்டிக்கொடுப்பதைவிட இதுதான் அதற்குப் பிடிக்கிறது. எங்களில் யார் ஏறினாலும் இறங்கியதும் இந்தச் சொறிதல் உண்டு.

தண்ணீர்தான் எங்கள் பக்கத்துக்கே உரிய சோதனை. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் சில நாளில் வாய்க்காலெல்லாம் நிரம்பிவிடும். போன வாரம் காய்ந்து கிடந்த தரையில் இன்று தண்ணீர் ஓடினால் குதிரைக்கு அது வேறு இடம். ஆழம் எவ்வளவென்று அதனால் பார்த்துச் சொல்ல முடியாது. லகானை விட்டுக்கொடுத்து, தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்க விட வேண்டும். கூட வரும் வயசான குதிரையை முதலில் இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது நடுவில் நின்று தண்ணீர் குடிப்பதைப் பார்த்தே செவலை இறங்கியது, இடுப்பளவு தண்ணீரை என் மேல் வாரி இறைத்துக்கொண்டு. நண்பர்களோடு போவதில் இந்த லாபம் இருக்கிறது. கஷ்டமும் இருக்கிறது: ஒருவர் கிளப்பினால் எல்லாக் குதிரையும் கிளம்பும். அதனால் கூட்டத்திலேயே பயந்த சவாரிக்காரர் எவரோ, அவர் நடைதான் எல்லோருக்கும் நடை.

சம்பா அறுவடை சமயத்தில் ரோட்டில் நெல் காயும். அங்கே இறங்கிக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடப்போம். நெல்லுக்காரரிடம் வசவு வாங்காமல் இருக்க மட்டுமல்ல. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தானியத்தை அள்ளித் தின்றுவிட்டால் வயிற்றுவலியில் உருளும், உயிருக்கே ஆபத்து, குளம்பும் கெட்டுப்போகும். கொள்ளுகூட ஊறவைத்து அளந்துதான் போடுகிறோம், மற்றபடி புல்தான்.

வாங்கும்போது உடம்பில் மயிர்ச் சுழி பார்த்தீர்களா என்று இன்னும் யாராவது கேட்கிறார்கள். குதிரை சாஸ்திரச் சுவடி தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்திலேயே இருக்கிற பக்கம், கேட்கத்தான் செய்வார்கள். நான் சுழி பார்ப்பவன் இல்லை, குளம்பையும் பல்லையும் பார்ப்பவன். செருப்புக் காலோடு அங்கவடியில், அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையத்தில், ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: விழுந்தால் கால் மாட்டிக்கொள்ளும், குதிகால் வைத்த ஷூ வாங்குங்கள்.

இப்போது மினி பஸ் ஹாரன் அடித்தால் செவலை ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டு நடக்கிறது. வேட்டுச் சத்தமும் டிரம் செட்டும் இன்னும் பழகவில்லை. முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுக்கிறோம். அதற்கு யாராவது வழி கண்டுபிடித்திருந்தால் எழுதுங்கள்.