'டு' எங்கே, 'டுவர்ட்ஸ்' எங்கே? மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டேன்

கேள்வி:

நண்பர்களே, வணக்கம். நான் எழுதிய ஒரு சிறுகதையை நானே ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கதை முழுக்க ஒரு சிறுவன் ஓடிக்கொண்டே இருப்பான். "ஆற்றை நோக்கி ஓடினான்" என்ற வரியை 'ரேன் டு த ரிவர்' என்று எழுதினேன். படித்த தோழி அதை 'டுவர்ட்ஸ்' என்று மாற்றிவிட்டாள். அடுத்த வரியிலேயே அவன் பாதி வழியில் நின்றுவிடுகிறானே, அப்புறம் எப்படி 'டு' வரும் என்கிறாள்.

இன்னொரு இடத்தில் அவன் தன் குட்டித் தங்கையிடம் பந்தைப் போடுகிறான். கதையிலேயே பாசமான இடம் அது. 'த்ரூ த பால் அட் ஹெர்' என்று எழுதியிருந்தேன். "அந்தப் பிள்ளையை ஏன் அடிக்கிறான்?" என்று கேட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கடைசியாக, 'ரீச்ட் டு த ஹவுஸ்' என்பதில் 'டு' கூடாதாம். சரி என்று 'அரைவ்ட் த ஹவுஸ்' என்று எழுதினால் அதுவும் தப்பாம். தமிழில் ஒரு 'க்கு' போட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஆங்கிலத்தில் எப்படி யோசிப்பது? பட்டியல் மட்டும் தராதீர்கள். எத்தனையோ பட்டியல்களை மனப்பாடம் செய்து மறந்தாயிற்று.

முதல் பதில்:

உங்கள் தோழி சொன்ன மூன்றுமே சரி. பல வருடங்களாக மொழிபெயர்ப்புப் பிரதிகளைத் திருத்துகிறேன். என் பேனா அதிகம் நிற்பது இந்த இடத்தில்தான்.

'டு' என்றால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான். 'டுவர்ட்ஸ்' என்றால் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான், அவ்வளவுதான். சேர்ந்தானா இல்லையா என்று அந்தச் சொல் வாயைத் திறக்காது. அதன் வாலில் இருக்கும் 'வார்ட்' பழைய ஆங்கிலத்தில் 'திரும்பிய' என்ற பொருளில் இருந்தது. திருப்புவதைக் குறிக்கும் 'வெர்டெரே' என்ற லத்தீன் சொல்லுக்கு அது உறவு. 'ஹோம்வார்ட்', 'ஸ்கைவார்ட்', 'ஃபார்வார்ட்' எல்லாவற்றிலும் அதே வால்தான். நம் 'நோக்கி'யை எடுத்துக்கொள்ளுங்கள். நோக்குதல் என்றால் பார்த்தல். அவர்கள் உடம்பைத் திருப்பினார்கள், நாம் கண்ணைத் திருப்பினோம். இரண்டு மொழியிலும் கால் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது. உங்கள் தமிழ் வரியில் பிழையே இல்லை. 'நோக்கி' என்று எழுதிவிட்டு, 'க்கு'வை மொழிபெயர்த்துவிட்டீர்கள்.

பந்து விஷயத்தில் 'அட்' என்பது குறி. எதிரில் இருப்பவரை இலக்காக்கிவிடும். 'டு' போட்டால் அவள் கையை நீட்டிக் காத்திருக்கிறாள், பந்தைப் பிடிக்கப்போகிறாள். 'ஷவுட் டு' என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி கூப்பிடுவது, 'ஷவுட் அட்' என்றால் அவர் மேல் எரிந்து விழுவது. 'ஷாட் த பேர்ட்' என்றால் பறவை மேல் குண்டு பட்டுவிட்டது. 'ஷாட் அட் த பேர்ட்' என்றால் குறிவைத்துச் சுட்டது மட்டும் நிச்சயம். பறவை பறந்து போயிருக்கலாம்.

'வீட்டுக்குக் கிளம்பினான்' போன்ற 'க்கு' வந்தால் கவனமாக இருங்கள். அங்கே எண்ணம்தான் இருக்கிறது, சேர்ந்த செய்தி இல்லை. 'லெஃப்ட் ஃபார்', 'ஹெடட் ஃபார்' என்று 'ஃபார்' வருவது அதனால்தான்.

கேட்டவர்:

'நோக்கி' என்று எழுதும்போது அதற்குள் ஒரு பார்வை இருப்பதை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. மிக்க நன்றி ஐயா. 'ரீச்', 'அரைவ்' பற்றி யாராவது சொல்லுங்களேன்.

இரண்டாம் பதில்:

'ரீச்'சுக்குத் தமிழே வழி காட்டும். வீட்டை அடைந்தான், வீட்டை நெருங்கினான் என்கிறோம். வீட்டுக்கு அடைந்தான் என்று சொல்வதில்லை. 'ரீச்', 'அப்ரோச்' இரண்டும் அப்படித்தான், பொருளை நேராகக் கையில் பிடித்துக்கொள்ளும். நடுவே 'டு' வேண்டாம். 'என்டர்' மட்டும் நம்மைக் கவிழ்க்கும். நாம் அறைக்குள் நுழைகிறோம் என்பதால் 'என்டர்ட் இன்டு த ரூம்' என்று எழுதத் தோன்றும். அறைக்கு 'இன்டு' கூடாது. ஒப்பந்தம், பேச்சுவார்த்தை என்றால் 'என்டர் இன்டு' சரி.

'அரைவ்' கதை அழகானது. லத்தீனில் 'ரீபா' என்றால் கரை. கரையைத் தொடுவதைச் சொன்ன சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கரையைத் தொட்ட பிறகு பயணம் ஏது? அதனால் திசைச் சொல் கிடையாது, நிற்கும் இடத்தைச் சொல்லும் 'அட்' அல்லது 'இன்' மட்டும்தான். உங்கள் வரி 'அரைவ்ட் அட் த ஹவுஸ்'.

'கோ ஹோம்' என்பதிலும் 'டு' இல்லை. 'மேலே போ', 'வெளியே வா' என்பதில் நாம் 'க்கு' போடுகிறோமா? அதேபோல்தான் 'ஹோம்', 'அப்ஸ்டேர்ஸ்', 'அப்ராட்'. திசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ஹியர்' என்றால் இங்கே. 'இங்கே வா' போன்ற நகர்வுக்கென்றே ஒரு காலத்தில் 'ஹிதர்' என்று தனிச்சொல் இருந்தது. இன்றைய பேச்சில் அது வழக்கொழிந்து, இருப்பு, நகர்வு என்ற இரண்டு வேலையையும் 'ஹியர்' பார்க்கிறது.

மூன்றாம் பதில்:

எழுதும்போது ஒரு இடைவெளியையும் பாருங்கள். திருடன் போலீசிடம் சரணடைந்தான் என்பதற்கு 'டர்ன்ட் ஹிம்செல்ஃப் இன்', பிறகு இடம் விட்டு 'டு த போலீஸ்'. 'இன்டு' என்று சேர்த்து எழுதினால் திருடனே போலீசாக மாறிவிடுவான்!

'டுவர்ட்ஸ் ஈவ்னிங்' என்று எங்காவது வந்தால் 'மாலையை நோக்கி' என்று எழுதிவிடாதீர்கள். 'மாலை வாக்கில்' என்பது நம்மிடம் இருக்கிறது. 'குறுக்குவாக்கில்', 'நெடுக்குவாக்கில்' என்று திசைக்குச் சொல்லும் அதே 'வாக்கில்'தான். நேரத்துக்கும் திசைக்கும் ஒரே சொல்லை நாமும் வைத்திருக்கிறோம்.

கேட்டவர்:

எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். பந்து இப்போது 'டு ஹெர்' போகிறது, தங்கை பிடித்துக்கொள்கிறாள். முதல் பக்கத்தில் பையன் 'டுவர்ட்ஸ் த ரிவர்' ஓடி நின்றுவிடுகிறான். கடைசிப் பத்தியில் மறுபடி ஓடித் தண்ணீரில் கால் வைக்கிறான். அங்கே மட்டும் 'டு த ரிவர்' என்று விட்டிருக்கிறேன்.